சேர் தோமஸ் லிப்டன்: அமெரிக்காவில் கற்று ஊவாவில் விதைத்தவர்

ஹப்புத்தளை நகரிலிருந்து தம்பேதன்னை நோக்கிச் செல்லும் ஒடுங்கிய பாதையில் போனால், தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் கடந்து, அதற்கு மேலே மலை உச்சியில் ஓர் இடம் வரும். லிப்டன் சீட் என்று அதற்குப் பெயர். வானம் தெளிந்த காலை வேளையில் அங்கு நின்றால் ஊவாவின் பள்ளத்தாக்குகளும் தெற்கே தாழ்ந்து செல்லும் சமவெளிகளும் தெரியும். கையில் தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் சிலையும் அங்கே உண்டு. உலகின் பல நாடுகளிலிருந்தும் வருவோர் அச்சிலைக்குப் பக்கத்தில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எமது இளைஞர்களும் பெருநாள் விடுமுறைகளில் மோட்டார் சைக்கிள்களில் அங்கு செல்கிறார்கள்.

ஆனால் அந்த மனிதர் யார், எங்கிருந்து வந்தார், வியாபாரத்தை எங்கே கற்றார், இந்த மலைக்கு அவர் எதைக் கொடுத்தார், இந்த மலையிலிருந்து எதை எடுத்தார் என்ற கேள்விகளைக் கேட்பவர் குறைவு. வியாபாரத்தை வாழ்க்கையாகக் கொண்ட ஒரு சமூகம் என்ற வகையில் நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அது. பாராட்டுவதற்கும் அதில் உண்டு, எச்சரிக்கையடைவதற்கும் உண்டு.

கிளாஸ்கோவின் சிறு கடை

தோமஸ் லிப்டன் 1848ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தாம் பிறந்தது 1850இல் என்றே பின்னாளில் அவர் சொல்லிவந்தார். தமது வாழ்க்கைக் கதையைத் தாமே அழகுபடுத்திச் சொல்லும் பழக்கம் அவரிடம் இருந்தது என்பதற்கு இது முதல் சான்று. பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அயர்லாந்தை உருளைக்கிழங்குப் பஞ்சம் வாட்டிய காலம் அது. தந்தை கூலி வேலை செய்து, பின்னர் ஏழைகள் வாழும் கோர்பல்ஸ் பகுதியில் வெண்ணெய், முட்டை, பன்றியிறைச்சி விற்கும் ஒரு மிகச் சிறிய கடையைத் திறந்தார்.

சிறு வயதிலேயே பள்ளிப்படிப்பு முடிந்தது. காகிதாதிகள் விற்கும் கடையில் எடுபிடிப் பையனாகவும், பின்னர் கிளாஸ்கோவுக்கும் பெல்ஃபாஸ்ட்டுக்கும் இடையே ஓடிய கப்பலில் வேலைக்காரச் சிறுவனாகவும் இருந்தார். கப்பலில் கேட்ட கதைகள் எல்லாம் அமெரிக்காவைப் பற்றியவை. 1865இல், இன்னும் இருபது வயதும் நிரம்பாத நிலையில், சேர்த்து வைத்த பணத்தில் பயணச்சீட்டு எடுத்து நியூயோர்க் போய் இறங்கினார்.

அமெரிக்கா என்ற பள்ளிக்கூடம்

அவர் இறங்கிய ஆண்டு கவனத்திற்குரியது. அந்த ஏப்ரலில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்திருந்தது. அந்த டிசம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. போர் முடிந்த கையோடு நாடு முழுவதும் தண்டவாளம் போடத் தொடங்கியது. 1869 மே மாதத்தில் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் புகையிரதப் பாதை பூர்த்தியானது. 1860இல் சுமார் 3 கோடியே 10 இலட்சமாக இருந்த சனத்தொகை, 1900இல் 7 கோடியே 60 இலட்சமாகப் பெருகியது. உருக்கு, எண்ணெய், இறைச்சி, புகையிரதம் என்று ஒவ்வொரு துறையிலும் பெரும் கோடீஸ்வரர்கள் எழுந்தார்கள். அவர்களுக்குக் கீழே, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணிநேரம் வேலை செய்த குடியேறிகளும் சிறுவர்களும் இருந்தார்கள். வெளியே தங்கமாக மின்னி உள்ளே வேறாக இருந்ததால், அந்த யுகத்தை முலாம் பூசப்பட்ட காலம் என்று வரலாற்றாசிரியர்கள் அழைக்கிறார்கள்.

லிப்டன் அந்நாட்டில் பல இடங்களிலும் அலைந்தார். வேர்ஜினியாவில் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். தென் கரோலினாவில் நெற்தோட்டம் ஒன்றில் கணக்கெழுதினார். நியூ ஓர்லியன்ஸ் பக்கம் வீடு வீடாகச் சென்று பொருள் விற்றார். கடைசியில் நியூயோர்க்கில் ஒரு பெரிய கடையின் மளிகைப் பிரிவில் உதவியாளரானார்.

இவற்றுள் இரண்டு இடங்கள் அவருடைய எதிர்காலத்தைத் தீர்மானித்தன என்று சொல்லலாம். ஒன்று அந்த நியூயோர்க் கடை. பொருளை வெளிச்சமாக அடுக்கி வைப்பது, விலையை வெளிப்படையாக எழுதுவது, வாடிக்கையாளரிடம் சிரித்த முகத்துடன் பேசுவது, செய்தித்தாளில் விடாமல் விளம்பரம் செய்வது ஆகிய எல்லாவற்றையும் அவர் அங்கே கண்டார். கிளாஸ்கோவின் இருண்ட கடைகளில் இவை எதுவும் இருக்கவில்லை.

மற்றையது அந்தத் தெற்கத்தித் தோட்டங்கள். நேற்றுவரை அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள், இன்று சட்டப்படி சுதந்திரமானவர்களாக, ஆனால் காணியும் காசும் இல்லாமல், அதே வயல்களில் நின்றார்கள். அந்த அடிமைகளின் முன்னோரில் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட முஸ்லிம்களும் இருந்தார்கள். மார்க்கக் கல்வி கற்ற அறிஞரான உமர் இப்னு சயீத் 1807இல் தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக இறக்கப்பட்டவர். 1831இல் தமது வாழ்க்கையை அரபு மொழியில் எழுதி வைத்தார். விடுதலையைக் காணாமலே 1864இல் மரணமடைந்தார். லிப்டன் அமெரிக்காவில் கால் வைப்பதற்கு ஓராண்டு முன்னர் நடந்தது இது. ஒரு பெருந்தோட்டம் எப்படி நடத்தப்படுகிறது, அதன் கணக்குப் புத்தகத்தில் மனித உழைப்பு எப்படி ஓர் எண்ணாக மாறுகிறது என்பதை அந்த இளைஞர் அருகிலிருந்து பார்த்தார். அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையை அவர் எவ்வளவு தூரம் பார்த்தார் என்பதற்கு அவருடைய பின்னைய செயல்களே பதில்.

ஐந்து ஆண்டுகள் வரை அங்கிருந்து, சில நூறு டொலர்களுடன் ஊர் திரும்பினார். தாயாருக்காக ஒரு பீப்பாய் மாவும் ஓர் ஆடு நாற்காலியும் கொண்டு வந்தார் என்பது அவர் விரும்பிச் சொல்லும் கதை.

விளம்பரத்தின் மன்னர்

1871 மே மாதம் கிளாஸ்கோவின் ஸ்டொப்குரொஸ் வீதியில் தமது முதலாவது கடையைத் திறந்தார். சுத்தம், வெளிச்சம், குறைந்த விலை, ரொக்க வியாபாரம் ஆகியவை அக்கடையின் அடையாளங்கள். இடைத்தரகர்களை விட்டுவிட்டு, அயர்லாந்து விவசாயிகளிடமிருந்து நேராகக் கொள்முதல் செய்தார். விளம்பரத்திலோ அவருக்கு நிகர் யாருமில்லை. கொழுத்த பன்றிகளைத் தம் பெயர் எழுதிய பதாகையுடன் வீதியில் ஊர்வலமாக நடத்தினார். பணத்தாளைப் போலவே தோன்றும் விளம்பரத் தாள்களை அச்சிட்டு விநியோகித்தார். 1881 நத்தார் காலத்தில் அமெரிக்காவிலிருந்து பிரமாண்டமான பாற்கட்டி ஒன்றை வரவழைத்து, அதற்குள் தங்க நாணயங்களைப் புதைத்து வெட்டி விற்றார். கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பொலிஸார் வரவேண்டியிருந்தது.

1880களில் பிரித்தானியாவின் நகரங்கள் எங்கும் அவருடைய கடைகள் பரவின. அமெரிக்காவுடனான தொடர்பையும் அவர் விடவில்லை. அந்நாட்டின் மத்திய மேற்கில், சிக்காகோ, ஒமாஹா போன்ற நகரங்களில், இறைச்சியைப் பொதி செய்து அனுப்பும் தொழிலில் முதலீடு செய்தார். மாட்டையும் பன்றியையும் ஒரு முனையில் ஏற்றி மறுமுனையில் பொதியாக இறக்கும் அந்தத் தொழிற்சாலைகள்தாம் அன்றைய அமெரிக்கத் தொழில் யுகத்தின் சின்னம். விளைவிடத்திலிருந்து வாடிக்கையாளரின் கை வரை ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்திருப்பது என்ற பாடம் அங்கே முழுமையானது. அந்தப் பாடத்தை அவர் அடுத்ததாக எழுதிப் பார்த்த பலகைதான் எமது ஊவா.

கோப்பி அழிந்தது, தேயிலை எழுந்தது

1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைகளைத் தாக்கும் ஒரு பூஞ்சண நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் நாட்டின் பிரதான ஏற்றுமதி தரைமட்டமானது. தோட்ட உரிமையாளர் பலர் கடனில் மூழ்கினர். கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கையே அவர்களுக்குக் கிடைத்த மரக்கலம். 1890களின் நடுப்பகுதியில் தேயிலை நிலம் சுமார் 3 இலட்சம் ஏக்கராக வளர்ந்துவிட்டது.

1889இல் தாயாரும் 1890இல் தந்தையாரும் காலமாகினர். திருமணமே செய்யாத லிப்டன் அந்த 1890இல் அவுஸ்திரேலியாவுக்குப் போவதாகச் சொல்லிக் கப்பலேறி, கொழும்பில் இறங்கினார். கோப்பியின் வீழ்ச்சியால் தோட்டங்கள் மலிவாகக் கிடைப்பதை அவர் அறிந்திருந்தார். ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை, லெமஸ்தோட்டை, மொனரகந்தை முதலிய தோட்டங்களை வாங்கினார். அன்று புகையிரதம் நானுஓயா வரையே வந்திருந்தது. ஹப்புத்தளைக்கு அது 1893இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்தது. பதுளை நகரமோ 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலைச் சரிவுகளில் கம்பிவடம் கட்டி, பறித்த கொழுந்துச் சாக்குகளை நேரே தொழிற்சாலைக்கு இறக்கும் முறையைத் தோட்டத்தில் அமைத்தார். நேரமும் ஆள்கூலியும் மிச்சமாகின.

அதுவரை பிரித்தானியாவில் தேயிலை பெட்டியிலிருந்து நிறுத்து விற்கப்பட்டது. நிறையிலும் தரத்திலும் ஏமாற்று நடந்தது. லிப்டன் அதைக் கால், அரை, ஒரு இறாத்தல் பொதிகளாக அடைத்து, தம் பெயரை அச்சிட்டு, அன்று நிலவிய விலையில் ஏறத்தாழப் பாதிக்கு விற்றார். செல்வந்தர் வீட்டுப் பானமாக இருந்த நல்ல தேநீர் கூலித் தொழிலாளியின் மேசைக்கும் வந்தது. இது உண்மையிலேயே ஒரு பெரும் சாதனை. தோட்டத்திலிருந்து நேராகக் கேத்தலுக்கு வருகிறது என்ற பொருள்பட அவர் செய்த விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவர் விற்ற தேயிலையின் அளவு அவருடைய சொந்தத் தோட்டங்களின் விளைச்சலைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பகுதி சந்தையில் வாங்கிக் கலந்தது. விளம்பரம் சொன்ன கதைக்கும் பொதிக்குள் இருந்த இலைக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கவே செய்தது.

பெரட்டுக் களத்தின் பக்கம்

அந்த இலையைப் பறித்தவர்கள் யார்? இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து வரட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் விரட்ட, கங்காணியின் பின்னால் வந்த தமிழ் மக்கள். கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளை வரை நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டனர்.

அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த அதே 1865இல்தான் இலங்கையில் 11ஆம் இலக்கத் தொழில் ஒப்பந்தக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அதன்படி, ஒப்பந்தத்தை முறித்துத் தோட்டத்தை விட்டுப் போகும் தொழிலாளி, கடன் தவறியவராகக் கருதப்படவில்லை, குற்றவாளியாகவே கருதப்பட்டார். அவரைச் சிறையில் அடைக்கலாம். கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக நின்றது. தோட்டம் மாற வேண்டுமானால் அக்கடனைக் குறித்த துண்டு வேண்டும். கடனைப் புதிய தோட்டம் ஏற்றுக்கொள்ள, கடனோடு சேர்ந்து மனிதரும் கைமாறினார். இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சச் சம்பளத்துக்கான சட்டம் 1927இல் வந்தது. அதாவது, லிப்டன் ஊவாவில் தோட்ட உரிமையாளராக இருந்த காலத்தின் பெரும்பகுதி, இந்த விலங்குகள் கழற்றப்படாத காலம்.

இவற்றை லிப்டன் கண்டுபிடிக்கவில்லை. அவர் வருவதற்கு முன்பே இருந்த ஒழுங்கு இது. அவருடைய தோட்டங்கள் மற்றவற்றைவிடக் கொடியவை என்று சொல்வதற்கும் ஆதாரம் தேவை. ஆனால் ஒன்று மட்டும் உறுதி. கடையின் வெளிச்சத்தையும், பொதியின் அளவையும், கொழுந்துச் சாக்கு இறங்கும் வழியையும் மாற்றியமைத்த அந்தக் கூர்மையான மூளை, லயன் அறையை மாற்றியமைக்கவில்லை. தேநீரின் விலை குறைந்ததற்கான கணக்கில் இடைத்தரகர் நீக்கம் ஒரு வரி என்றால், மலையின் மலிவான உழைப்பு மற்றொரு வரி.

ஓட்டப் படகும் கடல் கடந்த அமெரிக்காவும்

1897இல் விக்டோரியா மகாராணியின் ஆட்சி வைர விழாவின்போது, இளவரசி அலெக்சான்ட்ரா லண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க நிதி திரட்டினார். போதிய பணம் சேரவில்லை. லிப்டன் 25,000 பவுண் கொடுத்தார். அடுத்த ஆண்டு சேர் பட்டம் கிடைத்தது. அதே 1898இல் தமது நிறுவனத்தைப் பொதுப் பங்கு நிறுவனமாக மாற்றினார். பங்குகளை வாங்க மக்கள் முண்டியடித்தனர்.

பின்னர் அவர் அமெரிக்கக் கிண்ணம் என்ற படகோட்டப் போட்டியில் இறங்கினார். 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து தடவைகள் ஷம்ரொக் என்ற பெயருடைய படகுகளுடன் சவால் விட்டார். ஐந்திலும் தோற்றார். ஆனால் ஒவ்வொரு தோல்வியையும் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்ட அவர் அமெரிக்க மக்களின் செல்லப்பிள்ளையானார். கடைசித் தோல்விக்குப் பின் அமெரிக்கர் தாமே பணம் சேர்த்து அவருக்கு ஒரு பொற்கிண்ணம் பரிசளித்தனர். தேநீர் குடிக்கும் பழக்கம் குறைவான அந்நாட்டில் மஞ்சள் பொதி வீடு வீடாக நுழைவதற்கு, பத்திரிகைகள் இலவசமாகத் தந்த இந்தப் புகழைவிட நல்ல விளம்பரம் எது?

அந்த ஆண்டுகளில் அமெரிக்காவும் தன் கரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. 1898இல் ஸ்பெயினுடன் போரிட்டு பிலிப்பைன்ஸ், குவாம், புவேர்ட்டோ ரிக்கோ ஆகியவற்றைக் கைப்பற்றியது. ஹவாய் தீவுகளையும் இணைத்துக்கொண்டது. அந்தப் போரின் செலவுக்காக அமெரிக்கா விதித்த வரிகளுள் ஒன்று, இறக்குமதித் தேயிலை மீது இறாத்தலுக்கு 10 சதம். 1903 வரை அது நீடித்தது. ஊவாவில் பறித்த கொழுந்தும் மணிலாப் போருக்கு வரி கட்டியது என்று சொன்னால் மிகையில்லை.

மணிலாக் குடாவில் வென்ற அட்மிரல் டியூவியை நியூயோர்க் நகரம் 1899 செப்டெம்பர் கடைசியில் கோலாகலமாக வரவேற்றது. ஒரு சில நாட்களில் அதே நகரின் கடலில் லிப்டனின் முதல் போட்டி தொடங்கியது. கரையில் கொண்டாட்டம். அதற்குச் சற்று முன்னர், ஆகஸ்டில், பிலிப்பைன்ஸின் தெற்கே சூலு தீவின் முஸ்லிம் சுல்தானுடன் அமெரிக்கா ஓர் உடன்படிக்கை செய்திருந்தது. மார்க்கத்திலும் வழக்காறுகளிலும் தலையிடுவதில்லை என்ற வாக்குறுதி அதில் இருந்தது. வடக்கில் எதிர்ப்பு அடங்கியதும், 1904இல் அமெரிக்கா அந்த உடன்படிக்கையைத் தானாகவே இரத்துச் செய்தது. 1906 மார்ச்சில், ஜோலோ தீவின் தாஜோ மலையில் ஒதுங்கியிருந்த நூற்றுக்கணக்கான முஸ்லிம்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, அமெரிக்கப் படையால் கொல்லப்பட்டனர். நியூயோர்க்கின் மின்விளக்குகளையும் தாஜோ மலையின் இருளையும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டும் ஒரே யுகத்தின் இரண்டு முகங்கள்.

இலங்கையிலும் அதே காலத்தின் மற்றொரு முகம் இருந்தது. 1882இல் எகிப்தை ஆக்கிரமித்த பிரித்தானியா, அதை எதிர்த்து நின்ற ஒராபி பாஷாவை 1883இல் இங்கு நாடு கடத்தியது. 1901 வரை அவர் கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார். அறிஞர் சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் முயற்சிக்கு அவர் துணை நிற்க, 1892இல் மருதானையில் பிற்காலத்து ஸாஹிராக் கல்லூரியின் தொடக்கப் பாடசாலை உருவானது. லிப்டன் இந்நாட்டில் தோட்டம் வாங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், எமது முன்னோர் கல்வியே விடிவு என்று கண்டுகொண்டிருந்தனர். ஒருவர் செல்வத்தை வெளியே கொண்டுபோனார். மற்றவர்கள் கையிலிருந்த சிறு செல்வத்தை இந்த மண்ணின் பிள்ளைகளுக்காக விதைத்தார்கள்.

அந்திமக் காலம்

லிப்டனின் பெயரில் கறையும் விழுந்தது. 1914இல் பிரித்தானிய இராணுவ உணவுச்சாலைகளின் ஒப்பந்தங்களுக்காக அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுத்ததாக அவருடைய நிறுவன ஊழியர்கள் மீது வழக்கு நடந்தது. அவர் குற்றஞ்சாட்டப்படவில்லை. ஆனால் நேர்மையை விளம்பரமாக்கிய பெயருக்கு அது பேரிடி. அடுத்த ஆண்டே, முதலாம் உலகப் போரின்போது, தமது உல்லாசக் கப்பலை மருத்துவ உதவிக்காகக் கொடுத்து, டைபஸ் காய்ச்சல் பரவியிருந்த சேர்பியாவுக்குத் தாமே சென்றார். மனிதரை ஒரே நிறத்தில் வரைய முடியாது என்பதற்கு இதுவும் சான்று. 1927இல் பிரித்தானிய நிறுவனத்தின் கட்டுப்பாடு அவர் கையை விட்டுப் போனது.

1931 ஒக்டோபர் 2ஆம் திகதி லண்டனுக்கு அருகே உள்ள தமது வீட்டில் காலமானார். பிள்ளைகள் இல்லை. செல்வத்தின் பெரும்பகுதியைத் தாம் பிறந்த கிளாஸ்கோ நகரின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பயன்படும் வகையில் எழுதி வைத்திருந்தார். கோர்பல்ஸின் வறுமையை அவர் மறக்கவில்லை. அது அவருடைய பெருமை. ஆனால் அந்தச் செல்வம் முளைத்த மலைகளில் ஒன்றான தம்பேதன்னையின் வறுமை அவருடைய கண்ணில் படவில்லை. அது அவருடைய குறை.

மலையின் கணக்கு

அவர் மறைந்த அதே 1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமையின் கீழ் முதல் தேர்தல் நடந்தது. தோட்ட மக்களுக்கு அதிலும் நிபந்தனைகள் இருந்தன. 1948இல் நாடு சுதந்திரம் பெற்ற கையோடு பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றியது. எண்பது ஆண்டு காலம் வேர்விட்ட குடும்பங்கள் பிரிந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1990களில் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹப்புத்தளை மலைத்தொடரின் தெற்குச் சரிவில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன் வரிசைகளை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கை இருந்தது. ஆனால் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? லிப்டன் சீட்டில் நின்று தெற்கே பார்ப்பவர்கள் ரசிக்கும் சரிவுகளில்தான் அந்தப் பிள்ளைகளின் பாடசாலைப் பைகளும் புதைந்தன.

இந்தக் கணக்கில் எமது பக்கமும் ஒரு வரி உண்டு. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளைக் கடைவீதிகளில் எமது முன்னோர் கட்டியெழுப்பிய வியாபாரம், பெருமளவுக்குத் தோட்டத்துச் சம்பள நாளை நம்பி வளர்ந்தது. சம்பளத்துக்கு முன் கொப்பியில் எழுதிக் கடனுக்கு அரிசியும் மாவும் கொடுத்து, பல குடும்பங்களின் பட்டினியைத் தடுத்த கடைக்காரர்கள் எம்மில் இருந்தார்கள். அவர்களுக்காக இன்றும் லயன்களில் நல்ல வார்த்தை சொல்லப்படுகிறது. எழுத்தறியாதவரின் கொப்பியில் ஒரு வரியைக் கூட்டி எழுதியவர்களும் இல்லாமலில்லை. நிறுவையில் குறைப்பதையும் உழைப்பவரின் கூலியைத் தாமதிப்பதையும் எமது மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த அளவுகோலை லிப்டனுக்கு மட்டும் பிடித்துவிட்டு எம்மை விட்டுவிட முடியாது.

லிப்டனிடம் வியாபாரிகள் கற்க வேண்டியவை நிறையவே உண்டு. சுத்தமான கடை, சரியான நிறை, வெளிப்படையான விலை, புதிய வழியைத் தேடும் துணிவு, தோல்வியில் கலங்காத முகம் ஆகியவை இன்று ஹப்புத்தளையில் சிறு கடை நடத்தும் இளைஞனுக்கும் பொருந்தும். அவர் கற்காத பாடம் ஒன்றும் உண்டு. பொருளின் விலையைக் குறைக்கும்போது, அந்தக் குறைப்பு யாருடைய வயிற்றிலிருந்து வருகிறது என்று கேட்பதே அது. அதை நாமாவது கற்றுக்கொள்ளலாம். தோட்டத்துப் பிள்ளைகள் எமது கடைகளில் வேலைக்கு வரும்போது முழுச் சம்பளத்தைத் திகதி தவறாமல் கொடுப்பதில் இருந்து, அவர்களுக்குக் காணியும் வீடும் வேண்டும் என்ற கோரிக்கை எழும்போது பக்கத்தில் நிற்பது வரை, செய்வதற்கு எமக்கு வேலை இருக்கிறது.

அடுத்த முறை பிள்ளைகளை லிப்டன் சீட்டுக்கு அழைத்துப் போகும்போது, சிலையோடு படம் எடுத்து முடிந்த பின், சற்றுக் கீழே இறங்கிக் கொழுந்து பறிப்பவர்களிடம் நின்று நாலு வார்த்தை பேசுங்கள். அந்த மலையின் மற்றப் பாதிக் கதை அவர்களிடம்தான் இருக்கிறது.